மூன்று நாளாக ரிவர்ஸ் எடுக்கும் லாரி

என் சிலிண்டர் பதினேழாவதாக நிற்கிறது. நான் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆள் நிற்க வேண்டியதில்லை, சிலிண்டர் நின்றால் போதும் என்பது தொட்டியம் கேஸ் கிடங்கில், வளைகுடாச் சண்டையால் வண்டி ஒழுங்காக வராத இந்த மூன்று வாரத்தில் தானாக உண்டாகிவிட்ட வழக்கம். ஆளுக்கு ஓர் அடையாளம். ஒன்றின் கழுத்தில் ஈரிழைத் துண்டு, ஒன்றில் வாழைநார்க் கட்டு, ஒன்றின்மேல் ஒற்றைச் செருப்பு. என்னுடையதில் ஒன்றும் இல்லை. அடிப்பக்கம் துருப்பிடித்து வட்டமாக உதிர்ந்திருப்பதை வைத்து எனக்கு அது தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு வண்டியைப் பற்றி இன்று பெரிய கவலையும் இல்லை, ஒரு ஆளுக்கு ஒரு சிலிண்டர் நாலு மாதம் வரும். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றுதான் உருட்டிக்கொண்டு வந்தேன். பதினோரு மணிக்கு என் மகள் வசுமதி அங்கிருந்து கூப்பிடுவாள். அதற்குள் நான் ஒரு வார்த்தையை முடிவு செய்துவைத்திருக்க வேண்டும். வா, அல்லது இரு. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஒரு விமானம் ஏற்பாடு செய்திருக்கிறதாம். போக விரும்புகிறவர்கள் இன்று மதியத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். பெயர் கொடுத்துவிட்டால் வேலை போயிற்று, திரும்ப எடுக்க மாட்டார்கள். மூன்று நாளாக அவள் கேட்கிறாள், நீங்க சொல்லுங்கப்பா, வரவா, இருக்கவா. மூன்று நாளாக நான், யோசிச்சுச் சொல்றேம்மா என்கிறேன். இப்போது மணி எட்டே கால்.

டீக்கடை டிவியில் மறுபடி அந்தக் கட்டடம் வெடிக்கிறது. காலையிலிருந்து ஒன்பதாவது முறை. முதலில் வெளிச்சம், பிறகு புகை, பிறகு கேமரா ஒரு குலுங்கு குலுங்கி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த இடத்தில் வெட்டி, மறுபடி வெளிச்சம். நடுவில் முரசு மாதிரி ஒரு இசை. திரையை ஆறாகப் பிரித்து ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அதற்குக் கீழே, நகைக் கடனுக்கு எங்களிடம் வாருங்கள் என்று எழுத்து ஓடுகிறது. செய்தி வாசிக்கும் ஒரு பெண் ஸ்டுடியோத் தரையில் வரைந்திருக்கும் கடல் வரைபடத்தின்மேல் நடக்கிறாள். அவள் கால் வைக்கும் இடத்திலெல்லாம் தீ எழுகிறது. அவள் செருப்பு ஒருமுறை வசுமதி இருக்கும் ஊரை மிதித்தது, அங்கும் தீ எழுந்தது, நான் காலைப் பெஞ்சின்மேல் இழுத்துக்கொண்டேன். நான் ஐம்பது வருடத்துக்கு முன்னால் சினிமா ஆபரேட்டர், அது கம்ப்யூட்டரில் வரைந்த தீ என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கால் கீழே இறங்கவில்லை. காலுக்கு யார் சொல்லிக்கொடுப்பது.

"ஆபரேட்டரே, ஒங்க பொண்ணு துபாய்லதான இருக்குது?" என்றார் பொன்னுரங்கம். துண்டு கட்டிய சிலிண்டர் அவருடையது. வாழை போட்டிருக்கிறார்.

"துபாய் இல்லைங்க. அதுக்குப் பக்கத்துல."

"எல்லாம் ஒரே எண்ணெய்தான். அந்தக் கடல அடைச்சாலும் அடைச்சான், என் வாழைத்தார அடைச்சிட்டான். பொட்டியில அடுக்கி கப்பல் ஏறணும். வெட்டற தேதி தாண்டி பதினோரு நாளாச்சு. மரத்துலயே பழுக்குது. மாடு தின்னு தின்னு அதுக்கே சலிச்சுப்போச்சு."

"மாட்டுக்காச்சும் சலிக்குது, எனக்குப் பொகையில கண்ணு போச்சு," என்றாள் தையல்நாயகி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கிறவள், செருப்பு வைத்த சிலிண்டர்க்காரி. "எட்டு நாளா வெறகு. இட்லியெல்லாம் பொகை வாசம். நேத்து அந்தக் கணக்கு வாத்தியாரு கேக்கறாரு, ஏங்க்கா ஏவுகணையில வேக வச்சியான்னு. ஆமா சார், ஒங்களுக்காகவே அங்கேருந்து வரவழச்சேன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது நான் மட்டும் கொஞ்சம் பிந்தி நிறுத்தினேன் என்று தோன்றியது. தனியாக இருக்கிறவன் சிரிப்பு அப்படித்தான் ஆகிவிடுகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. நாமக்கல் பக்கமிருந்து ஒரு குட்டியானை வேன் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு முட்டை விற்றுப் போகிறது. கப்பலுக்குப் போகாத முட்டை. அட்டை அட்டையாக, கூவிக் கூவி. போன வாரம் ஒரு அட்டை வாங்கினேன், முப்பது முட்டை. ஒரு ஆள் முப்பது முட்டையை என்ன செய்வது. என் மனைவி பவுனு இருந்திருந்தால் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்திருப்பாள். கொடுக்கிற சாக்கில் நாலு வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு வந்திருப்பாள். நான் தினமும் இரண்டு அவித்துத் தின்றேன். ஒன்பதாம் நாள் ஒன்று கெட்டிருந்தது. எங்கோ கடலில் யாரோ கப்பலை மறித்ததற்கு என் சமையலறையில் முட்டை நாறுகிறது. இந்தச் செய்தியை எந்த டிவியும் காட்டாது, காட்ட என்ன இருக்கிறது, ஒரு கிழவன் முட்டையை முகர்ந்து பார்க்கிறான்.

பவுனு இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. முடிவெல்லாம் அவளுடையது, எனக்கு யோசிக்கிற வேலை மட்டும் இருந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் செய்து முடித்திருப்பாள். வசுமதியை லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்ததும் அவள்தான். மாப்பிள்ளை சேலத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டபோது, நீ அழுதது போதும், பாஸ்போர்ட் எடு என்று சொன்னதும் அவள்தான். இப்போது பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வா என்று சொல்ல அவள் இல்லை. பேரன் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான், இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. வந்துவிட்டால் இங்கே ஒரு லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டு, அங்கே வாங்குவதில் ஆறில் ஒரு பங்கு. அதனால் இரு என்று சொல்லலாம். இரு என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால். வா என்று சொல்லி ஒன்றுமே ஆகாமல் சண்டை அடுத்த வாரமே நின்றுவிட்டால். அப்போது அவள் முகத்தைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும், இந்த மனுசன் டிவி பார்த்துப் பயந்து என் வேலையைக் கெடுத்தார் என்று அவள் சொல்ல மாட்டாள், சொல்லாமல் காபி வைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் காபி வைத்துக்கொண்டிருப்பாள். இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன். அடுப்பங்கரையில் ஒரு ஆள் நடமாடுகிற சத்தம். அதை நினைத்தவுடன் எனக்கு வா என்று சொல்லத் தோன்றுகிறது, உடனே அந்த வார்த்தைமேல் சந்தேகமும் வருகிறது. நான் பயந்து கூப்பிடுகிறேனா, தனியாக இருக்க முடியாமல் கூப்பிடுகிறேனா. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். முடியவில்லை.

மணி ஒன்பது பத்து. டிவியில் பதினான்காவது முறை. வசுமதி சொல்லியிருக்கிறாள், அப்பா டிவி பாக்காதீங்க, அவங்க காட்டற மாதிரி இங்க ஒண்ணும் இல்ல, நான் தெனம் காலைல ஜன்னல்லேருந்து வீடியோ எடுத்து அனுப்பறேன், அதைப் பாருங்க. அனுப்பினாள். இருபது நொடி, இருபத்தைந்து நொடி. எதிர்க் கட்டடம், வெயில், பால்கனியில் காயும் துணி, கீழே சந்தில் ஒரு தண்ணீர் லாரி. அதைப் பார்த்துத்தான் முதல் நாள் தூங்கினேன். டிவி ஒரு ஊரைக் காட்டுகிறது, மகள் ஒரு ஊரைக் காட்டுகிறாள், இரண்டுக்கும் ஒரே பெயர். மகள் காட்டுவதை நம்புவதுதானே நியாயம். இன்று காலை ஏழு மணிக்கு மூன்றாவது வீடியோ வந்தது, இன்னைக்குக் காலைல எடுத்தது, எல்லாம் நார்மல் என்று எழுதி. அதைப் பார்த்தபோது என் கை தானாகவே பழைய இரண்டையும் தேடியது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் வீடியோவில் லாரி பின்னால் வரத் தொடங்குகிறது, நீலச் சட்டைக்காரன் ஒருவன், வா வா என்று கையைத் தூக்குகிறான், அத்தோடு முடிகிறது. இரண்டாம் நாள் வீடியோ அந்தத் தூக்கிய கையிலிருந்து தொடங்குகிறது. லாரி நிற்கிறது, முடிகிறது. மூன்றாம் நாள் வீடியோவில் நின்ற லாரியின் கதவு திறந்து டிரைவர் இறங்குகிறான். ஒரு லாரி ஒரு சந்தில் ரிவர்ஸ் எடுக்க மூன்று நாள். வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். ஒரு ரீல் முடியும் இடத்தில் அடுத்த ரீல் சரியாகத் தொடங்குகிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்கு இருபது வருடம் சம்பளம் கொடுத்தார்கள். ஒரே படம், மூன்று துண்டு. என்றோ எடுத்தது. சண்டைக்கு முன்னால்கூட எடுத்திருக்கலாம். அப்படியென்றால் அவள் அந்த ஜன்னல் பக்கத்தில் இல்லை. எங்கே இருக்கிறாள் என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவாள். அதனால்தான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

பொய் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கோபப்பட எனக்கு உரிமை இல்லை, அங்கம்மாள் என்று ஒரு அம்மாள் இருந்தாள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தயிர் கொண்டுவந்து விற்பாள். எழுபத்தொன்று டிசம்பர், நான் முருகையா முதலாளியின் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர், இருபது வயது. படத்துக்கு முன்னால் அரசாங்க நியூஸ் ரீல் ஓட்டியாக வேண்டும், அது சட்டம். அந்த வாரத்து ரீல் பெட்டி திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரவில்லை. மூலையில் பழைய டப்பா ஒன்று திருப்பி அனுப்பாமல் கிடந்தது, அதை எடுத்து மாட்டினேன். சண்டைப் படம்தான், ஆனால் ஆறு வருடத்துக்கு முந்தின சண்டை. பீரங்கி, பாலம், ஒரு லாரி நிறைய சிப்பாய்கள். ஒருவன் தகரக் குவளையோடு திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். பெண்கள் பக்கத்து மணலிலிருந்து ஒரு அலறல். "எஞ் சோலை! ஐயோ எஞ் சோலமுத்து!" சனம் எழுந்துவிட்டது. மூன்று மாதமாக அங்கம்மாளுக்குப் பட்டாளத்து மகனிடமிருந்து கடிதம் இல்லையாம். மறுநாள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், தரை டிக்கெட். நியூஸ் ரீல் முடிந்ததும் பதினோரு பேரும் எழுந்து போய்விட்டார்கள். போகும்போது மெஷின் கூண்டுக்குக் கீழே நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "நல்லாருப்ப தம்பி. எம் புள்ள உசுரோட இருக்கான். மெலிஞ்சுதான் போயிட்டான்." மெலியவில்லை. ஆறு வயது சின்னவனாக இருந்தான். டப்பா மேல் வருடம் ஒட்டியிருந்தது, எனக்குத் தெரியும். நான் கும்பிட்டவளைப் பார்த்துத் தலையாட்டினேன். வேறு பெட்டி வந்த பிறகும் மூன்று நாள் அதையே ஓட்டினேன். அவளுக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு அப்புறம் தந்தி வந்தது. அவன் இறந்த தேதி, நான் அந்த ரீலை முதல் தடவை ஓட்டியதற்கு ஐந்து நாள் முந்தியது. அவள் நம்பவில்லை. தந்தி கொண்டுவந்தவனிடம், நீ போய் அந்தக் கொட்டாய்ல கேளு, ஊரே பாத்துச்சு, சிரிக்கிறான் எம் புள்ள, என்றாளாம். காரியம் செய்ய விடவில்லை. சர்க்காரிலிருந்து வந்த காகிதத்தில் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு நாள் மத்தியானம் கொட்டகைக்கு வந்தாள், காட்சி இல்லாத நேரம், தயிர்ப் பானையோடு. "தம்பி, அந்தப் படத்த இன்னொருக்கா போடு. இவனுங்கள எல்லாம் கூட்டியாந்து காட்டறேன்." பெட்டி திருச்சிக்குப் போயிடுச்சும்மா என்றேன். அது உண்மை. அந்த இடத்தில் அந்த ஒரு உண்மையைச் சொன்னேன், பக்கத்தில் இருந்த இன்னொன்றைச் சொல்லவில்லை. சொல்ல மூன்று வார்த்தை போதும், அது பழைய படம்மா. கல்யாணமான புதிதில் பவுனுவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை. "இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள். ஆற்றங்கரை வரை போனேன். பரிசல் அக்கரையில் இருந்தது. காத்திருந்திருக்கலாம். அங்கம்மாள் அதற்குப் பிறகு பதினான்கு வருடம், நியூஸ் ரீல் மாறும்போதெல்லாம் டிக்கெட் வாங்கி வந்து, அது முடிந்ததும் எழுந்து போனாள். நான் கூண்டுக்குள்ளிருந்து அந்தத் தலையைப் பார்ப்பேன், முதலில் கருப்பு முடியோடு, பிறகு நரைத்து. அவளுக்கு நல்லது செய்ததாக நினைத்தேன். அழவிடாமல் பதினான்கு வருடம் வைத்திருந்தேன்.

"ஆபரேட்டரே, டீ ஆறுது," என்றாள் தையல்நாயகி. "கையில வச்சுக்கிட்டு என்ன ரோசன? வண்டி பாலத்துகிட்ட வந்திருச்சாம்."

"வரட்டும்."

"வரட்டுமா! ஒங்களுக்கென்னங்க, ஒத்த ஆளு. வெந்நி கூட வேணாம்."

ஒத்த ஆள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். வரிசையில் எல்லாரும் எழுந்து அவரவர் சிலிண்டர் பக்கம் போய்விட்டார்கள், பெஞ்சில் நான் மட்டும். மணி பத்து ஐம்பது. பதினோரு மணிக்கு அவள் கூப்பிடும்போது லாரியைப் பற்றி நான் கேட்காமலும் இருக்கலாம். ரொம்ப எளிது. எல்லாம் நார்மல்னு பாத்தேம்மா, இரு என்று சொல்லிவிடலாம். அவள் அனுப்பிய படத்தின்மேல் பாரத்தைப் போட்டுவிடலாம். அவள் காட்டினாள், நான் பார்த்தேன், நம்பினேன். நாளைக்கு ஏதாவது ஆனாலும் நான் நம்பினேன் என்பது இருக்கும். அங்கம்மாள் உட்கார்ந்த மணலில் நானும் உட்கார்ந்துகொள்ளலாம். நாளைக் காலை ஏழு மணிக்கு டிரைவர் குழாயை மாட்டுவான். நாளை மறுநாள் தண்ணீர் ஏறும். எத்தனை நாளைக்கு வரும் அந்தப் படம். டீயைக் கீழே வைத்தேன். பதினோரு மணிக்குக் காத்திருக்காமல் நானே கூப்பிட்டேன், வீடியோவில். அவள் எடுத்தாள், ஆனால் கேமராவைத் திறக்காமல் குரலில் மட்டும் வந்தாள்.

"அப்பா, நானே கூப்பிடுவேன்ல? இங்க நெட்வொர்க் சரியில்ல, வீடியோ வராது."

"வசு, அந்தத் தண்ணி லாரி டிரைவரு எறங்கிட்டானா?"

"எந்த டிரைவரு?"

"மூணு நாளா ரிவர்ஸ் எடுக்கறானே, அவன்."

அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள், பெரிய மூடிய இடத்தில் இருமுகிற மாதிரி. பிறகு அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஆபரேட்டர்கிட்டயே படம் காட்டிட்டேன் பாருங்க. அது போன மாசம் எடுத்ததுப்பா. நீங்க பயந்துருவீங்கன்னு..."

"நான் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். இப்ப எங்க இருக்கியோ அதைக் காட்டு."

"வேணாம்ப்பா."

"காட்டும்மா."

காட்டினாள். கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடம். கார் இல்லை, மெத்தைகள். தூணுக்குத் தூண் கயிறு கட்டிச் சேலையும் சுடிதாரும் தொங்குகின்றன. ஒரு பெண் தரையில் துணி விரித்து ஆஸ்பத்திரி யூனிபார்மை இஸ்திரி போடுகிறாள். ஒரு சின்னப் பெண்குழந்தை தூணில் எழுதியிருந்த எண்ணுக்குக் காதும் மீசையும் வரைந்துகொண்டிருக்கிறது. தீ இல்லை, புகை இல்லை, முரசு இல்லை. டிவியில் போட்டால் இதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். வசுமதி போனைத் தன் பக்கம் திருப்பினாள். எண்ணெய் வைக்காத தலை, கண்ணுக்குக் கீழே கருப்பு. அப்போது தூரத்தில், மேலே எங்கோ, ஒரு சத்தம். கனமான மரக்கதவை யாரோ அறைந்து சாத்தின மாதிரி. படம் லேசாக ஆடியது. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். அங்கே ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. இஸ்திரி போடுகிறவள் நிறுத்தவில்லை. குழந்தை மீசையை வரைந்து முடித்தது. வசுமதியும் திரும்பவில்லை. அவளுக்குக் கண் இமைகூட அசையவில்லை.

"சொல்லுங்கப்பா," என்றாள். "வரவா, இருக்கவா?"

"வந்துரும்மா."

எனக்காக இல்லை என்று சேர்த்துச் சொல்ல நினைத்தேன். அது உண்மை இல்லை, அதனால் சொல்லவில்லை. பேரன் படிப்பைப் பற்றி அவள் கேட்பாள், வேலையைப் பற்றி, வந்து என்ன செய்வது என்று கேட்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "சரிப்பா" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொன்னாள். உதட்டிலேயே வைத்துக்கொண்டிருந்த மாதிரி.

திரை இருட்டாகிவிட்டது, போனைச் சட்டைப் பைக்குள் போட்டிருப்பாள், வைக்க மறந்துவிட்டாள். நான் காதில் வைத்துக்கொண்டேன். ஓடுகிற செருப்புச் சத்தம், மூச்சு, எக்ஸ்க்யூஸ் மீ, எக்ஸ்க்யூஸ் மீ என்று அவள் குரல். இங்கே வண்டி வந்து நின்று, பொன்னுரங்கம் என்னைப் பார்த்து ஏதோ கத்துகிறார். அங்கே விமானத்துக்குப் பெயர் எழுதுகிறவன் போல, ஒரு ஆண்குரல் அவளிடம் பெயர் கேட்டது, சொன்னாள். அப்பா பெயர் கேட்டது. என் பெயர் அவனுக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது, திரும்பக் கேட்டான். வி, ஈ, டி, ஏ, என்று வசுமதி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவன் எங்கோ தப்பாக எழுதினான். "நோ, நோ," என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, வேதாசலம் என்று ஒருமுறை முழுதாகச் சொன்னாள். பிறகு முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.